லைசென்ஸ் எழுதிப் பிழைப்பவனிடம் லிபர்டேரியனைப் பற்றிக் கேட்டால்

அரசியல் அறிவியல் படிக்கும் ஒரு மாணவர் கேட்ட கேள்வி இது: "லிபர்டேரியன் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் அரசாங்கமே வேண்டாம், எல்லாவற்றையும் சந்தையிடம் விட்டுவிடுங்கள் என்கிறார்கள். பணக்காரர்களுக்கு வசதியான தத்துவம்தானே இது? ரேஷன் கடையும் அரசு ஆஸ்பத்திரியும் இல்லாமல் சென்னையில் பாதிப் பேர் எப்படி வாழ முடியும்?"

பதிலுக்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து ஆண்டுகளாகச் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவதும் உரிமம் எடுத்துத் தருவதும்தான் என் பிழைப்பு. ஒரு டீக்கடை திறக்க வேண்டுமென்றால் மாநகராட்சித் தொழில் உரிமம், உணவுப் பாதுகாப்புப் பதிவு, தொழில் வரி, தராசு வைத்தால் அதற்கு முத்திரை, வியாபாரம் பெருகினால் ஜிஎஸ்டி என்று வரிசையாக இருக்கிறது. கடைக்காரருக்கு இதெல்லாம் தலைவலி, எனக்குச் சோறு. அரசாங்கம் சுருங்கினால் முதலில் வயிற்றில் ஈரத்துணி கட்டிக்கொள்ளப் போகிறவன் நான்தான். அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

லிபர்டேரியன் என்பதற்குத் தமிழில் நிலைத்த சொல் இன்னும் அமையவில்லை. சுதந்திரவாதி, தன்னுரிமைவாதி என்று ஆளுக்கொன்று எழுதுகிறார்கள். தாராளவாதி என்றால் அது லிபரல். அதோடு நமக்குத் 'தாராளமயம்' என்ற சொல்லும் குறுக்கே வந்து நிற்கும். அதனால் லிபர்டேரியன் என்றே எழுதிவிடுகிறேன்.

அரசாங்கமே வேண்டாம் என்பவர்கள் அந்தக் கூட்டத்தில் ஒரு ஓரத்தில் இருப்பவர்கள். பெரும்பாலானவர்கள் கேட்பது சின்ன அரசாங்கம். ராபர்ட் நோசிக் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1974-ல் எழுதிய நூல்தான் இதில் அதிகம் பேசப்படுவது. அடிதடி, திருட்டு, மோசடி இவற்றிலிருந்து காப்பாற்றவும், ஒப்பந்தத்தை மதிக்க வைக்கவும் மட்டும்தான் அரசு. அதற்கு மேல் போனால் அது மனிதர்களின் உரிமையில் கை வைக்கிறது என்பது அவர் வாதம். பொருளாதார அறிஞர் ஃப்ரீட்ரிக் ஹயக் அவ்வளவு தூரம் போகவில்லை. யாரும் பட்டினி கிடக்காத அளவுக்கு ஒரு அடிப்படைப் பாதுகாப்பை அரசு தரலாம் என்று அவர் 1944-லேயே ஒப்புக்கொண்டார். இன்னொரு பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன், வருமானம் குறைந்தவர்களுக்கு அரசே பணம் கொடுக்கும் 'எதிர்மறை வருமான வரி'யை 1962-ல் முன்வைத்தார். ஆக, ரேஷன் கடையைப் பூட்டு என்ற ஒற்றைக் குரல் அங்கே கிடையாது.

எல்லோரும் ஒத்துப்போகிற இடம் ஒன்று உண்டு. உன் உடம்பு உன்னுடையது, உன் உழைப்பும் அதில் வந்ததும் உன்னுடையது. இன்னொருவர் உன்னைப் பலவந்தப்படுத்தக் கூடாது. அரசாங்கமும் அந்த 'இன்னொருவரில்' சேர்த்திதான். கடைசி வாக்கியம்தான் முக்கியம். என் பக்கத்து வீட்டுக்காரர் என் பாக்கெட்டில் கை விட்டால் திருட்டு என்கிறோம். அதையே ஐம்பது பேர் ஓட்டுப் போட்டு முடிவு செய்து எடுத்தால் எப்படி நியாயமாகிறது என்று கேட்பவர்தான் லிபர்டேரியன். கேள்வி எரிச்சலூட்டும். ஆனால் சட்டென்று பதில் சொல்லிப் பாருங்கள், கஷ்டம்.

சரி, பணக்காரர் தத்துவமா என்ற கேள்விக்கு வருவோம்.

எங்கள் பேட்டையில் ஒரு தெருமுனையில் பதினெட்டு வருஷமாக ஒரு அக்கா இட்லி வண்டி போடுகிறார். காலை ஆறு மணிக்கு வண்டி நின்றால் பத்து மணிக்கெல்லாம் அண்டா காலி. நாலு இட்லி, கொஞ்சம் வடகறி, கெட்டிச் சட்னி. சில வருஷங்களுக்கு முன் வங்கிக் கடனுக்காக அவருக்கு ஒரு வரவு செலவு எழுதிக் கொடுத்தேன். அரிசி, உளுந்து, எண்ணெய், சிலிண்டர், தண்ணி கேன், வாழை இலை என்று சொல்லிக்கொண்டே வந்தவர், "அப்புறம் அது ஒண்ணு சார்" என்றார். "எது?" என்றேன். "அதான் சார், அது." எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்கும் தெரியவில்லை. 'இதர செலவு' என்று போட்டேன். அந்த மாதக் கணக்கில் இதர செலவு சிலிண்டர் செலவைவிட அதிகம்.

இதுதான் மாமூல். ஏன் கொடுக்க வேண்டியிருக்கிறது? அவர் நிற்கும் இடத்தில் நிற்க அவருக்கு அனுமதி இல்லை. அனுமதி இல்லாதவர் யாருக்கு வேண்டுமானாலும் பயப்பட வேண்டும். தெரு வியாபாரமும் அரசியல் சாசனத்தின் 19(1)(ஜி) பிரிவு தரும் தொழில் உரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே, சோடன் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. அது சட்டமாக வர 2014 வரை ஆனது. தெரு வியாபாரிகள் சட்டம் என்ன சொல்கிறது? ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுக்க வேண்டும், விற்பனைச் சான்றிதழ் தர வேண்டும், கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். ஒரு லிபர்டேரியன் இதைப் படித்தால் முதலில் சந்தோஷப்படுவார், பிறகு தலையைச் சொறிவார். இட்லி விற்க ஒரு அட்டை எதற்கு என்று கேட்பார்.

பெரு நாட்டுப் பொருளாதார அறிஞர் ஹெர்னாண்டோ தே சோட்டோவின் குழு 1980-களில் ஒரு பரிசோதனை செய்தது. லிமா நகரின் புறநகரில் சின்னத் தையல் பட்டறை ஒன்றை முடிந்தவரை லஞ்சம் கொடுக்காமல் முறைப்படி பதிவு செய்ய எவ்வளவு காலம் ஆகிறது என்று பார்த்தார்கள். 289 நாள். பெரிய கம்பெனிக்கு இது பிரச்சினையே இல்லை. அவர்களிடம் வக்கீல் இருப்பார், ஆடிட்டர் இருப்பார், கடைசியில் என்னைப் போல ஓடியாட ஒரு ஆள் இருப்பான். அனுமதி முறையின் முழுச் சுமையையும் சுமப்பது ஆள் வைத்துக்கொள்ள முடியாதவர்கள்தான். ஆகவே உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு என் பதில்: இல்லை. இந்தத் தத்துவத்தைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வசதியானவர்கள் என்பது உண்மை. அதன் கேள்விகள் அதிகம் பொருந்துவது தள்ளுவண்டிக்கு.

வண்டியோடு ஒட்டிய இன்னொரு விஷயம் தண்டல். பத்தாயிரம் ரூபாய்த் தண்டல் என்றால் கையில் வருவது 8,500. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கடன் தினமும் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டு வட்டியாகப் போட்டுப் பார்த்தால் நூறு சதவீதத்தைத் தாண்டும். 2003-ல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்த பிறகும் தண்டல்காரரின் டிவிஎஸ் எக்ஸ்எல் தினமும் சாயங்காலம் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. வட்டிக்கு உச்சவரம்பு போட்டால் கடன் மலிவாகாது, இருட்டுக்குள் போகும் என்பார் லிபர்டேரியன். வாசலில் வந்து கத்துவதையும் வண்டியைத் தூக்கிப் போவதையும் தண்டியுங்கள், வட்டியைத் தொடாதீர்கள் என்பார். பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அக்கா தண்டலை விட்டு வெளியே வந்தது 2020-ல் அரசு கொண்டுவந்த தெரு வியாபாரிகள் கடன் திட்டத்தில் பத்தாயிரம் கிடைத்த பிறகுதான். அதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

சந்தையைப் பற்றி அவர்கள் சொல்வதில் எனக்கு முழுச் சம்மதம் உள்ள இடம், விலை. 1945-ல் ஹயக் எழுதிய ஒரு கட்டுரையின் சாரம் இது: யாருக்கு என்ன தேவை, எங்கே என்ன இருக்கிறது என்ற தகவல் எந்த ஒரு அலுவலகத்திலும் முழுசாகச் சேராது. அது லட்சம் தலைகளில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. விலை என்ற ஒற்றை எண்தான் அதை ஊர் முழுக்கக் கொண்டுபோகிறது.

புத்தகத்தில் படித்தபோது எனக்கு இது பிடிபடவில்லை. கோயம்பேட்டில் ஒரு கமிஷன் மண்டிக்குக் கணக்கு எழுதப் போனபோதுதான் புரிந்தது. ராத்திரி இரண்டு மணிக்குத் தக்காளி லாரிகள் வந்து நிற்கும். மதனப்பள்ளி, கோலார், கிருஷ்ணகிரி. மண்டிக்காரர் ஒரு பெட்டியை மட்டும் கவிழ்த்துப் பார்ப்பார். அடியில் கிடக்கும் பழத்தை அழுத்துவார். வெளியே போய் எத்தனை வண்டி நிற்கிறது என்று ஒரு பார்வை. "வரத்து கம்மி" என்று ஒரு வார்த்தை சொல்வார். அவ்வளவுதான், பெட்டிக்கு நூறு ரூபாய் ஏறிவிடும். அங்கே மதனப்பள்ளியில் மழை பெய்து செடி அழுகியது வடபழனி ஓட்டல் மாஸ்டருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. காலையில் விலையைக் கேட்டதும் தக்காளிச் சட்னியை நிறுத்திவிட்டுத் தேங்காய்ச் சட்னியோடு முடித்துக்கொள்வார். ரசத்தில் புளி ஒரு பிடி கூடும். வீட்டில் அம்மாக்கள் அரைக் கிலோவைக் கால் கிலோ ஆக்குவார்கள். சுற்றறிக்கை எதுவும் போகவில்லை, ஆனால் ஊரே தக்காளியைச் சிக்கனம் பண்ணிவிட்டது. அதே விலையைப் பார்த்து வேறு எங்கோ ஒரு விவசாயி அடுத்த போகத்துக்குத் தக்காளி நாற்று வாங்கப் போவார்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. வரிசையில் நின்று வாங்கியவர்களில் நானும் ஒருவன். குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் இருக்கிற தக்காளி அதனால் ஒரு பெட்டி கூடியதா என்றால், இல்லை.

விலையை அமுக்கி வைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் திருவல்லிக்கேணிப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகைக்கு இருப்பவரைக் காப்பாற்றத்தான் வந்தது. 'நியாய வாடகை'க்கு மேல் ஏற்றக் கூடாது, காரணம் இல்லாமல் காலி செய்யச் சொல்லக் கூடாது. நல்ல எண்ணம்தான். நான் கணக்குப் பார்த்த ஒரு வீட்டில் நாலு போர்ஷன், கீழே ஒரு கடை. கடைக்கு மாதம் 110 ரூபாய் வாடகை, அதுவும் கோர்ட்டில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பணத்தில் வீட்டுக்காரர் வீட்டைப் பழுது பார்ப்பாரா? பார்க்கவில்லை. சொந்த வீடு இல்லையே என்று குடியிருந்தவரும் பார்க்கவில்லை. மெட்ராஸ் டெரஸ் கூரையின் தேக்கு உத்தரம் மழை குடித்து மழை குடித்துத் தொங்கியது. கைப்பிடிச் சுவரில் அரச மரம் முளைத்து, அதன் வேர் கூடத்துச் சுவர் வழியாக இறங்கியிருந்தது. இன்னொரு பக்கம், குடிவைத்தால் எழுப்ப முடியாது என்று பயந்து பூட்டியே கிடந்த வீடுகள் எத்தனை! வாடகை வீடு தேடி அலைந்த புதுக் கல்யாண ஜோடிகளுக்கு இந்தச் சட்டம் என்ன செய்தது? பழைய குடித்தனக்காரருக்கு நன்மை, புதிதாக வருகிறவருக்குக் கதவடைப்பு. வாடகையை இரு தரப்பும் ஒப்பந்தத்தில் பேசி முடிவு செய்யும் புதுச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2019 பிப்ரவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

ஆட்டோ மீட்டர் கதை உங்களுக்கே தெரியும். 2013-ல் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 என்று நிர்ணயித்தார்கள். அப்புறம் பெட்ரோலும் பள்ளிக்கூட ஃபீஸும் ஏற, அந்த எண் மட்டும் வருஷக்கணக்கில் அசையவில்லை. மீட்டர் வண்டியில் ஒரு அலங்காரமாக ஆனது. ஆப் வந்த பிறகுதான் ஏறும் முன்பே விலை தெரிகிறது.

அடுத்து, இது அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 'பர்மிட் - லைசென்ஸ் - கோட்டா ராஜ்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் நம் ராஜாஜி. 1952-ல் சென்னை மாகாண முதலமைச்சரானதும் உணவு ரேஷன் கட்டுப்பாட்டைத் தூக்கினார். நாடு முழுக்கத் திட்டமிடல் மோகம் இருந்த நேரம் அது. 1955-ல் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கான பொருளாதார அறிஞர் குழுவில் பி.ஆர். ஷெனாய் ஒருவர்தான் மாற்றுக் கருத்து எழுதிக் கொடுத்தார். 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம் போட்டது. அதை எதிர்த்து அந்த ஜூனிலேயே சென்னையில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டது. எண்பது வயதில் புதுக்கட்சி! 1962 மக்களவைத் தேர்தலில் 18 இடம், 1967-ல் 44. அதே 1967-ல் இங்கே தி.மு.க.வோடு கூட்டணி வைத்து, காங்கிரஸை வீட்டுக்கு அனுப்பியதில் அந்தக் கட்சிக்கும் பங்கு உண்டு. ஸ்கூட்டருக்கும் டெலிபோனுக்கும் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த தலைமுறைக்கு அவர் சொன்னதன் அர்த்தம் 1991-ல் லைசென்ஸ் கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது புரிந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

ஆனால் ராஜாஜியை முழு லிபர்டேரியன் என்று மாலை போட முடியாது. 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவரும் அவர்தான். அதனால் விழுந்த வருமானத் துண்டை அடைக்க 1939-ல் பொது விற்பனை வரி போட்டவரும் அவர்தான். மனிதன் என்ன தொழில் செய்வது என்பதில் அரசு தலையிடக் கூடாது, ஆனால் என்ன குடிப்பது என்பதில் தலையிடலாம். 1971-ல் தி.மு.க. அரசு மதுவிலக்கைத் தளர்த்த முடிவெடுத்தபோது, தொண்ணூறைத் தாண்டிய வயதில் கலைஞரை நேரில் பார்த்து வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

லிபர்டேரியன் இந்த இடத்தில் ராஜாஜியிடமிருந்து பிரிவார், கழகங்களிடமிருந்தும் பிரிவார். ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-ல் வைத்த அளவுகோல் இது: ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகத் தடுக்க ஒரே நியாயம், அவரால் பிறருக்கு வரும் தீங்கு, அவருடைய சொந்த நன்மை என்பது காரணமாகாது. அந்த அளவுகோலை டாஸ்மாக்கில் வைத்துப் பாருங்கள். 1983-ல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கிய நிறுவனம், 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளையும் தன் கைக்குக் கொண்டுவந்தது. பனை ஏறுகிறவர் தன் மரத்துக் கள்ளை இறக்கி விற்றால் குற்றம், அரசு பிராந்தி விற்றால் வருவாய். குடி நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. தடை செய்கிற கையும் விற்கிற கையும் ஒரே கையாக இருப்பதை அவர்கள் காட்டும்போது எனக்கு மறுத்துச் சொல்ல ஒன்றும் கிடைப்பதில்லை.

சந்தை என்றால் காது கொடுப்பவர்கள் பலர் இந்தப் பாதியை மறந்துவிடுகிறார்கள். தனிமனித சுதந்திரம் என்பது வரிக்குறைப்பு மட்டும் இல்லை. நம் மாநிலத்தில் 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டம் ஒன்று இருக்கிறது. செய்தித்தாளில் 'குண்டாஸ்' என்று வருமே, அது. விசாரணை இல்லாமல் ஓராண்டுவரை ஒருவரை உள்ளே வைக்கலாம். கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருள்காரர், குண்டர் என்று தொடங்கிய பட்டியலில் பிறகு திருட்டு விசிடி, அப்புறம் மணல் கடத்தல், சைபர் குற்றம் எல்லாம் சேர்ந்தன. ஆட்கொணர்வு மனு போட்டு வெளியே வருவதற்குள் மாதங்கள் போய்விடும். அரசுக்குக் கொடுத்த அதிகாரம் கொடுத்த அளவில் நிற்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். 1950-ல் ஒரு பத்திரிகையைச் சென்னை மாகாணத்துக்குள் வரவிடாமல் தடுத்த உத்தரவை உச்ச நீதிமன்றம் ரொமேஷ் தாப்பர் வழக்கில் ரத்து செய்தது. பேச்சுரிமைக்குப் பெரிய வெற்றி. அடுத்த வருஷமே அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் வந்து அந்தக் கதவைப் பாதி சாத்தியது.

இதே அளவுகோலில் நம்மூர் ஜெயித்த இடமும் உண்டு. அண்ணா ஆட்சி 1967-ல் சட்டமன்றத்தில் நிறைவேற்றிய சுயமரியாதைத் திருமணச் சட்டத் திருத்தத்தை யோசித்துப் பாருங்கள். புரோகிதர் வேண்டாம், ஹோமம் வேண்டாம். இருவரும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி மாலை மாற்றினால் கல்யாணம். இரண்டு பேரின் சம்மதத்தை மட்டும் பார், சடங்கைப் பார்க்காதே என்று சட்டமே ஒதுங்கி நின்றது. லிபர்டேரியன் கேட்பது இதைத்தான். திராவிட இயக்கத்தார் இந்தப் பெயரில் கூப்பிட்டால் கோபித்துக்கொள்வார்கள், அது வேறு.

இலவசங்களைப் பற்றி ஒரு வரி. 2006-ல் டிவி, 2011-ல் மிக்சி, கிரைண்டர் என்று வாக்குறுதி கொடுத்து ஜெயித்தார்கள். 2023 செப்டம்பரில் தகுதியுள்ள குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் கணக்கில் விழத் தொடங்கியது. இரண்டையும் 'ஓசி' என்று ஒரே கூடையில் போடுபவர்கள் உண்டு. ஃப்ரீட்மன் போடமாட்டார். கிரைண்டர் கொடுத்தால் உனக்கு என்ன தேவை என்று நான் முடிவு செய்கிறேன் என்று அர்த்தம்; பணம் கொடுத்தால் நீயே முடிவு செய் என்று அர்த்தம்.

பெரிய கம்பெனிகள் விஷயத்திலும் ஒரு குழப்பம் இருக்கிறது. சிப்காட்டில் மலிவாக நிலம், வரிச் சலுகை, தடையில்லா மின்சாரம் என்று ஒரு தொழிற்சாலைக்குக் கொடுத்தால் அதைச் 'சந்தைப் பொருளாதாரம்' என்கிறோம். அது சந்தை இல்லை, தொழிலதிபருக்கான ரேஷன் கடை. பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் தர மாட்டோம் என்று 2022-லிருந்து ஏகனாபுரத்துக்காரர்கள் போராடுகிறார்களே, கொள்கையில் நேர்மையான லிபர்டேரியன் நிற்க வேண்டிய இடம் அவர்கள் பக்கம்தான். விற்க விருப்பம் இல்லாதவரிடம் வாங்குவதற்குப் பெயர் வாங்குவது இல்லை. சொத்துரிமை அடிப்படை உரிமைப் பட்டியலிலேயே இருந்தது. 1978-ல் 44-ஆவது திருத்தத்தில்தான் எடுத்தார்கள். அதனால் நஷ்டப்பட்டவர்கள் ஜமீன்தார்கள் மட்டும் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இவ்வளவு ஒப்புக்கொள்பவன் ஏன் நானே லிபர்டேரியன் என்று சொல்லிக்கொள்வதில்லை? இரண்டு காரணம். ஒன்று தண்ணீர், இன்னொன்று சாதி.

1882-ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டத்தின் கணக்கில், என் நிலத்துக்கு அடியில் உள்ள நீரை எவ்வளவு வேண்டுமானாலும் நான் இறைத்துக்கொள்ளலாம். என் சொத்து, என் போர்வெல். ஆனால் தண்ணீருக்கு என் காம்பவுண்டுச் சுவர் தெரியாதே! நான் 60 அடி போட்டால் பக்கத்து அபார்ட்மெண்ட் 200 அடி போடும், நான் 250 போக வேண்டும். கடைசியில் எல்லோருக்கும் காற்றுதான் வரும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு வந்தது. அப்போது தண்ணி லாரி விலை ஏறிக்கொண்டே போனது. ஹயக் சொன்ன விலைச் செய்தி சரியாகத்தான் போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்தச் செய்தியைக் கேட்டு லாரிக்காரர் புறநகர் வயல்களில் இன்னும் ஆழமாக உறிஞ்சினார், அந்த ஊர்க் கிணறுகள் வற்றின. இங்கே நிஜமாகவே உதவியது 2003-ல் ஜெயலலிதா அரசு எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. கட்டாயம், அபராத மிரட்டல், இணைப்பைத் துண்டிப்போம் என்ற அதட்டல். நானும் முணுமுணுத்துக்கொண்டேதான் குழி வெட்டினேன். எங்கள் தெருக் கிணற்றில் அதன் பிறகு நீர் ஏறியதையும் பார்த்தேன்.

அரசும் வேண்டாம், தனியுடைமையும் வேண்டாம், சேர்ந்தே நிர்வகிக்கலாம் என்பதற்கு அமெரிக்க அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரோமின் ஆராய்ச்சியைக் காட்டுவார்கள். 2009-ல் நோபல் வாங்கியவர். சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் இருக்கிறது, பத்தாம் நூற்றாண்டு. அழகான ஏற்பாடு. ஆனால் அந்த வாரியத்துக்குக் குடவோலையில் பெயர் எழுத நிலம் வேண்டும், வேதப் படிப்பு வேண்டும். ஏரியில் தூர் வாரியவர்களுக்கு ஓலை கிடையாது.

அதுதான் இரண்டாவது காரணம். சென்னையில் வீடு தேடியவர்களுக்குத் தெரியும். போனில் "எந்த ஊர்?" என்பார்கள், பிறகு "சைவமா?" பிறகு குரலைத் தாழ்த்தி "நீங்க என்ன ஆளுங்க?" பதிலைக் கேட்டதும் "நேத்துதான் அட்வான்ஸ் வாங்கிட்டோம்." வீட்டுக்காரர் யாரையும் அடிக்கவில்லை, திருடவில்லை. அவர் வீடு, அவர் இஷ்டம். நோசிக்கின் கணக்கில் இங்கே உரிமை மீறலே இல்லை. பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1957-ல் சொன்னது, பாகுபாடு காட்டுபவருக்கே நஷ்டம், அதனால் போட்டி அதைக் கரைத்துவிடும் என்பது. தெருவில் ஒருவர் மட்டும் அப்படி என்றால் கரையும். தெருவே ஒரே மாதிரி யோசித்தால், மறுத்தவருக்கு அடுத்த நாளே வேறு ஆள் கிடைத்துவிடும், நஷ்டம் எங்கே? கடை, ஓட்டல், கிணறு, குளம் இவற்றில் பாகுபாடு கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 15(2). வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. மனிதனைக் கட்டிப்போடுவது அரசு மட்டும் இல்லை, ஊரும் கட்டிப்போடும் என்பதைப் பெரியார் வாழ்நாள் முழுக்கச் சொன்னார். வேடிக்கை என்னவென்றால் மில்லும் அதையே சொல்லியிருக்கிறார்: ஊர் அபிப்பிராயத்தின் கொடுங்கோன்மை சட்டத்தின் கொடுங்கோன்மையைவிட மோசமாகலாம் என்று. இன்றைய லிபர்டேரியன்கள் மில்லின் அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள்.

அரசு ஆஸ்பத்திரி பற்றியும் கேட்டிருந்தீர்கள். நெஞ்சுவலியோடு போகிறவர் நாலு ஆஸ்பத்திரியில் விலை விசாரித்துத் தேர்ந்தெடுக்க முடியாது. அந்த ஒரு காரணம் எனக்குப் போதும்.

இட்லி அக்காவுக்கு வருகிறேன். அவருக்கு விற்பனை அட்டை வந்துவிட்டது. லேமினேட் செய்து வண்டியின் கண்ணாடிப் பெட்டிக்குள் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். 'இதர செலவு' நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. போன மாதம் சாயங்காலமாக என் ஆபீசுக்கு வந்தார். எதிர்ப்பக்கம் ஒரு சின்னப் பையன் புதிதாக வண்டி போட்டிருக்கிறானாம், இட்லியோடு பூரியும் வைக்கிறானாம்.

"அவன்கிட்ட அட்டை இல்ல சார். வண்டிய எடுக்கச் சொல்லி ஒரு மனு எழுதிக் குடுங்க."

"பதினெட்டு வருஷம் முன்னாடி உங்ககிட்ட மட்டும் இருந்ததாக்கா?" என்றேன்.

"அது வேற சார்" என்றார்.